காலை வானொலியும் நம் மக்களின் கல்வியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுமாறு பணித்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். முப்பது ஆண்டுகளாக நாம் செய்துவரும் தொழில் அது. ஆனால் விழாக் குழுவினர் ‘காலை வானொலியில் நாட்டு நடப்பும் அறிவியலும் பண்பாடும்’ என்னும் தலைப்பைத் தந்துள்ளனர். முதலில் இத்தலைப்பு சற்று வியப்பளித்தது. எண்ணிப் பார்க்குங்கால், இது கல்விக் கழகம் ஒன்றிற்கு மிகவும் பொருத்தமான தலைப்பே என்பது தெளிவாயிற்று. பள்ளிக்கூடத்தின் வாயில் நம் முன்னோர்க்கு அடைபட்டிருந்த காலத்திலும், திறந்த பின்னர்க் கடைசி வரிசையில் தனியே அமர்த்தப்பட்ட காலத்திலும், நம் தெருவிற்கு எவரிடமும் ஒப்புதல் கேளாமல் வந்து சேர்ந்த ஆசிரியர் ஒருவர் உண்டெனில் அவர் வானொலியே ஆவார். அவ்வாசிரியர் நமக்கு எவற்றைக் கற்பித்தார், எவற்றைச் சொல்லாமல் விட்டார், இனி நாம் செய்யத்தக்கது யாது என்னும் மூன்றினையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

வானொலி நம் நாட்டிற்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1924 ஆம் ஆண்டு சென்னையில் ஆர்வலர் சிலர் கூடி மாகாண வானொலிக் கழகம் ஒன்றை நிறுவினர். பொருள் முட்டுப்பாட்டால் அது நின்றுபோக, அதன் கருவிகளைக் கொண்டு சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. இதற்கிடையில் 1927 ஜூலை 23 அன்று பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் குழுமத்தின் நிலையம் திறக்கப்பட்டது. 1936 இல் ‘அகில இந்திய வானொலி’ என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. 1938 ஜூன் 16 அன்று சென்னை நிலையமும், 1939 மே 16 அன்று திருச்சிராப்பள்ளி நிலையமும் தொடங்கின.

1927 என்னும் ஆண்டை நம் மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். அதே ஆண்டு மார்ச் 20 அன்று, அதே பம்பாய் மாகாணத்தில், மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் ஆயிரக்கணக்கான மக்களுடன் இறங்கி ஒரு கை நீரை அள்ளிப் பருகினார். பொதுக்குளத்து நீர் அனைவர்க்கும் உரியது என்பதை மெய்ப்பிக்க ஒரு போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. நான்கு திங்களுக்குப் பின்னர் அம்மாகாணத்தின் தலைநகரிலிருந்து புறப்பட்ட வானொலி அலையையோ எவராலும் வேலியிட்டுத் தடுக்க இயலவில்லை. நீருக்குக் கரை கட்டலாம். கிணற்றுக்குப் பூட்டுப் போடலாம். காற்றில் வரும் ஒலிக்குத் தீட்டுக் கற்பிக்க எந்தச் சாத்திரத்தாலும் முடியவில்லை.

வானொலியின் குறிக்கோள் மொழியையும் நாம் அறிந்திருத்தல் நன்று. ‘பகுஜன ஹிதாய, பகுஜன சுகாய’ என்பது அது. பலருடைய நலத்திற்காக, பலருடைய இன்பத்திற்காக என்பது அதன் பொருள். தம் முதல் மாணாக்கர்களை நாடெங்கும் சென்று அறம் உரைக்குமாறு அனுப்பியபோது புத்தர் பெருமான் மொழிந்ததாகப் பௌத்த நூல்கள் கூறும் சொற்கள் இவை. ஊர் ஊராக நடந்து அறிவை வழங்கிய துறவியரின் பணி வானொலியின் பணியாக வைக்கப்பட்டது. இக்குறிக்கோளையே அளவுகோலாகக் கொண்டு வானொலியை நாமும் அளந்து பார்ப்போம்.

போடிநாயக்கனூரிலும் அதனைச் சூழ்ந்த சரிவுகளிலும் வானொலி எவ்வாறு வந்து சேர்ந்தது? அரசு ஊராட்சிகள்தோறும் பொது வானொலிப் பெட்டிகளை நிறுவிப் பராமரித்து வந்தது. ஆனால் பெட்டி வைக்கப்பட்ட இடம் ஊர் நடுவே. நம் தெருவினர் எட்ட நின்றே கேட்டனர். தேநீர்க் கடையிலும் அவ்வாறே. பலகையில் அமர்ந்தவருக்கு ஒரு குவளை, தரையில் குந்தியிருந்தவருக்கு வேறொரு குவளை என்று இருந்த கடையில், உள்மாடத்தில் பாடிய வானொலி ஒன்றுதான். எழுபதுகளில் நாம் சிறுவராயிருந்த காலத்தில் நிலைமை மாறத் தொடங்கியது. தோட்ட வேலைக்குச் சென்று சேர்த்த பணத்தில் டிரான்சிஸ்டர் பெட்டி வாங்கிய குடும்பங்கள் நம் தெருவிலும் தோன்றின. அஞ்சலகத்தில் ஆண்டுக்கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டிய காலம் அது. அந்த உரிமப் புத்தகமே நம் தெருவில் பலர் தம் பெயரில் பெற்ற முதல் அரசு ஆவணமாக இருந்தது.

மலையில் வானொலி கேட்பதில் ஓர் அறிவியலும் உண்டு. மத்திய அலை நிலத்தையொட்டிப் பரவுவது. இரவில் வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவும் செல்வது. ஆதலால் திருச்சிராப்பள்ளியும் திருநெல்வேலியும் இங்குக் கேட்டன. கடல் கடந்து இலங்கை வானொலியும் கேட்டது. பண்பலையோ ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. மலை குறுக்கிட்டால் நின்றுவிடுவது. அதனால்தான் 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்திலுள்ள கொடைக்கானலில் பண்பலைக் கோபுரம் நிறுவப்பட்டபோது அதன் ஒலி பல மாவட்டங்களின் சமவெளிக்குச் சென்றது. எனினும் மலை மடிப்பிற்குள் மறைந்து கிடக்கும் குடியிருப்புகளுக்கு அது எட்டுவதில்லை. ஒரே மாவட்டத்தில் ஒரு வீட்டில் தெளிவாகக் கேட்கும் நிலையம் மறு வீட்டில் வெறும் இரைச்சலாக இருப்பதன் காரணம் இதுவே.

இனி, நாட்டு நடப்பிற்கு வருவோம். காலை 7.15 மணிக்கு டெல்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தி பல்லாண்டுகள் தமிழ்நாட்டின் கடிகாரமாக விளங்கியது. பிற்காலத்தில் நாடக, திரைப்பட நடிகராகப் புகழெய்திய பூர்ணம் விசுவநாதன் அவர்கள் டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்தவர். 2022 இல் மறைந்த சரோஜ் நாராயணசாமி அவர்களின் குரலை அறியாத இல்லம் அந்நாளில் இல்லை எனலாம். அவர்கள் வாசித்த செய்தி நம் பிள்ளைகளுக்கு இரு வகையில் பாடநூலாயிற்று. ஒன்று, சொல்வளம். நாடாளுமன்றம், அமைச்சரவை, ஒத்திவைப்புத் தீர்மானம், வெளியுறவு என்னும் சொற்களை நம் தெருப் பிள்ளைகள் கரும்பலகையில் காண்பதற்கு முன்பே காதால் அறிந்தனர். மற்றொன்று, நிதானம். எத்துணைப் பெரிய செய்தியாயினும் பதற்றமின்றி, ஒரு சொல்லும் மிகையாகாமல் உரைக்கும் முறை அது. அரசுப் பணித் தேர்வெழுதிய நம் இளைஞர் பலர் பொது அறிவை அந்தப் பத்து நிமிடத்திலிருந்தே சேர்த்தனர்.

அண்ணல் அம்பேத்கர் அவர்களும் வானொலியை நன்கு பயன்படுத்திக்கொண்டவர். 1942 இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, அக்காலப் போரில் இந்தியத் தொழிலாளர் எந்தப் பக்கம் நிற்கின்றனர், ஏன் நிற்கின்றனர் என்பதை வானொலியில் விளக்கினார். 1954 அக்டோபர் 3 அன்று தம் வாழ்க்கைத் தத்துவம் குறித்து அகில இந்திய வானொலியில் உரையாற்றினார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய மூன்றே தம் தத்துவம் என்றும், அவற்றைத் தாம் பிரெஞ்சுப் புரட்சியிடமிருந்து பெறாமல் தம் ஆசானாகிய புத்தரிடமிருந்தே பெற்றதாகவும் அதில் தெளிவுபடுத்தினார். 1956 மே மாதம், பௌத்தத்தைத் தாம் விரும்புவதன் காரணத்தை இலண்டன் பி.பி.சி. வானொலி வாயிலாக உலகிற்கு எடுத்துரைத்தார். நம் தலைவர் ஒருவருடைய குரலை நாடு முழுவதும் வீட்டிற்குள் அமர்ந்து கேட்டது என்பது சிறிய செய்தியன்று.

எனினும் அளவுகோலைக் கையிலெடுத்த பின்னர்க் குறைகளையும் அளந்தாக வேண்டும். சாதி மோதல் நிகழும்போதெல்லாம் செய்தியில் வந்த சொல் ‘இரு பிரிவினர்’ என்பதாகும். பகைமையைத் தூண்டக்கூடாது என்னும் நன்னோக்கத்தால் பிறந்த மரபு அது. அதன் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் 1989 ஆம் ஆண்டுப் போடிக் கலவரத்தைக் கண்ட தலைமுறை இம்மேடையின் முன்னே அமர்ந்துள்ளது. வீடிழந்தவர் எவர், ஊரை விட்டு ஓடியவர் எவர், பள்ளிக்குச் செல்லாமல் நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர் என்பவற்றை ‘இரு பிரிவினர்’ என்னும் சொல்லால் அறிய முடியாது. அச்சொல் நெருப்பைத் தணிக்க உதவும். நீதியைக் கேட்க உதவாது. செய்தியைக் கேட்கும் நம் பிள்ளைகள் சொல்லப்பட்டதைக் கேட்பதோடு நில்லாது, சொல்லப்படாததையும் உசாவப் பழக வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

மற்றொரு நிகழ்ச்சியையும் எடுத்துக்கொள்வோம். 2011 ஆம் ஆண்டின் இறுதியில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்துகொண்டிருந்த நம் மக்கள் அஞ்சி மலையிறங்கினர். எல்லைச் சாலைகளில் போக்குவரத்து நின்றது. அந்நாள்களில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு வதந்தி பிறந்தது. அணை உடைந்தது என்றனர். ஆட்களை அடைத்து வைத்துள்ளனர் என்றனர். அப்போது மலையில் இருந்த தம் உறவினரைப் பற்றிக் கலங்கிய குடும்பங்கள் உறுதியான சொல்லுக்காக வானொலியைச் சுற்றி அமர்ந்ததை நாம் கண்டோம். செய்தி என்பது படித்தவருடைய பொழுதுபோக்கு அன்று. ஏழைக்கு அது உயிர்க்காப்பு என்பதை உணர்த்திய நாள்கள் அவை. 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. சிக்கலின் சட்ட வரலாற்றை நம் தொழிலாளர்க்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னவர் மிகச் சிலரே.

ஏலக்காயின் விலையும் காலைச் செய்தியாவது உண்டு. 2018 ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தாலும் அதனைத் தொடர்ந்த வறட்சியாலும் விளைச்சல் குறைந்ததால், 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் உயர்தரக் காய் கிலோ 7,000 ரூபாய் வரை சென்றது. அச்செய்தியை எம் பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசித்த மாணவி, தோட்டத் தொழிலாளியின் மகள். வாசித்து முடித்ததும், “ஐயா, காய் எடுப்பவர்களுக்குக் கூலி எவ்வளவு ஏறியது என்று செய்தியில் சொல்லவில்லையே?” என்று கேட்டாள். பொருளாதாரப் பாடத்தின் தலைவாயில் அக்கேள்வி. விலை செய்தியாகிறது, கூலி செய்தியாவதில்லை. இவ்வேறுபாட்டைக் கண்டுகொண்ட பிள்ளை செய்தி கேட்கக் கற்றுக்கொண்ட பிள்ளை ஆவாள்.

அடுத்து அறிவியல். 1990களின் தொடக்கத்தில் அகில இந்திய வானொலியும் தேசிய அறிவியல் தொழில்நுட்பப் பரிமாற்றக் குழுவும் இணைந்து மனித இனத்தின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி 144 பகுதிகள் கொண்ட தொடர் ஒன்றை 18 இந்திய மொழிகளில் ஒலிபரப்பின. ஏறத்தாழ ஓர் இலட்சம் சிறுவர்களும் 10,000 பள்ளிகளும் பதிவு செய்துகொண்டு அதனைக் கேட்டனர். மனிதர் எல்லோரும் ஒரே இனம், ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவர் என்பதை நாடு முழுவதும் அவரவர் தாய்மொழியில் பிள்ளைகளுக்குச் சொன்ன பெருமுயற்சி அது. தலையிலிருந்து பிறந்தவர், காலிலிருந்து பிறந்தவர் என்னும் கதைகளைக் கேட்டு வளர்ந்த நாட்டில், இத்தொடர் ஆற்றிய பணி ஆயிரம் மேடைப் பேச்சுகளுக்கு ஒப்பாகும்.

அதன் பின்னர் அறிவியல் மேலும் வளர்ந்துள்ளது. ஐதராபாத்து உயிரணு மூலக்கூறு உயிரியல் மையமும் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 2013 இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்நாட்டு மக்கள் ஒருவரோடொருவர் பரவலாகக் கலந்தே வாழ்ந்தனர் என்றும், அதன் பின்னரே தம் குழுவிற்குள் மட்டும் மணம் செய்யும் வழக்கம் இறுகியது என்றும் காட்டியது. சாதி என்பது படைப்பின் தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டது என்னும் கூற்றிற்கு நம் குருதியே எதிர்ச்சாட்சி கூறுகிறது. இத்தகைய உண்மைகளை ஐந்து நிமிடத்தில், பாமரரும் விளங்கிக்கொள்ளும் தமிழில், நாள்தோறும் காலையில் சொல்ல வேண்டும். அதுவே பகுஜன ஹிதம்.

அறிவியல் நம் மலைக்கே வந்து கதவைத் தட்டிய நிகழ்ச்சியும் உண்டு. போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்திற்கு 2015 ஜனவரியில் நடுவண் அமைச்சரவை 1,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் வழங்கியது. நியூட்ரினோ என்பது கதிரவனிலும் விண்மீன்களிலும் வளிமண்டலத்திலும் தோன்றும் மிக நுண்ணிய துகள். நாம் இங்குப் பேசிக்கொண்டிருக்கும் இந்நொடியிலும் கோடானுகோடித் துகள்கள் நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன. நமக்கு ஒரு தீங்கும் இல்லை. எதனோடும் எளிதில் மோதாத அத்துகளைக் கண்டறிய, வானிலிருந்து வரும் பிற கதிர்களை வடிகட்டும் பாறைப் போர்வை வேண்டும். அதற்காகவே மலையைக் குடைந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கமும், அதனுள்ளே 50,000 டன் இரும்பாலான கருவியும் திட்டமிடப்பட்டன.

ஊர்மக்கள் அஞ்சினர். குடைவதற்கு வைக்கும் வெடியால் மலை என்னாகும், ஊற்று என்னாகும், மேய்ச்சல் நிலம் என்னாகும் என்று கேட்டனர். அறிவியலார் விளக்கம் அளித்தனர். வழக்குகள் நடந்தன. 2022 இல் தமிழ்நாடு அரசு இத்திட்டம் வேண்டாம் என்னும் தன் நிலைப்பாட்டை உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. திட்டம் சரியா தவறா என்று தீர்ப்புக் கூற நாம் இங்கு வரவில்லை. துகளால் தீங்கு வருமா என்பது ஒரு கேள்வி. வெடியாலும் சுரங்கத்தாலும் தீங்கு வருமா என்பது வேறு கேள்வி. இவ்விரண்டையும் பிரித்தறிந்து கேட்கும் ஆற்றல் அம்மலையடிவாரத்து மக்களுக்கு வாய்த்திருந்ததா? வாய்க்கும்படி நாள்தோறும் அவர்களோடு பேசியவர் யார்? அறிஞர் ஒரு மொழியிலும் ஊரார் வேறொரு மொழியிலும் பேசினர். நடுவில் நின்று இருபுறமும் கேட்டுச் சொல்லியிருக்க வேண்டிய இடம் காலை வானொலியின் இடம்.

இதில் நம் மக்களுக்குரிய வரலாறு ஒன்றும் புதைந்துள்ளது. வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த இடங்களுள் ஒன்று, 1965 இல், கோலார் தங்கவயல். பூமிக்கு அடியில் 2 கிலோமீட்டருக்கும் கீழே அந்த ஆய்வு நடைபெற்றது. அச்சுரங்கத்தை அத்தனை ஆழத்திற்கு வெட்டியவர் யாவர்? வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற ஒடுக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளரே பெரும்பாலோர். அயோத்திதாசப் பண்டிதர் 1907 இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படித்துக் காத்தவர்களும் அத்தங்கவயல் தொழிலாளரே. வானொலி நம் காதிற்கு வருமுன்பே செய்தித்தாளை நம் முன்னோர் தாமே நடத்தினர். அறிவியலின் பெருமையைக் கூறும் நிகழ்ச்சிகள் ஆய்வாளரைப் பாராட்டுகின்றன, அது முறையே. ஆயினும் அவர் இறங்கிச் சென்ற குழியை வெட்டியவரையும் ஒரு வரியில் நினைவுகூரலாகாதா?

மூன்றாவது பண்பாடு. வானொலியில் காலைப்பொழுது நாதசுர மங்கல இசையுடன் விடிவது மரபு. இனிய மரபுதான். ஆனால் எது மங்கலம், எது மங்கலமன்று என்று வகுத்தவர் யார் என்னும் கேள்வியை நம் கழகம் கேளாமல் வேறு யார் கேட்பார்? இசைக்கருவிகளுக்கும் வானொலியில் விலக்கு இருந்தது. ஆர்மோனியம் இந்திய இசைக்குப் பொருந்தாதது என்று 1940 இல் தள்ளி வைக்கப்பட்டது. 1971 இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. நம் பகுதியின் நாடக மேடைகளிலோ ஆர்மோனியம் இன்றித் திரை விலகியதில்லை. 1952 முதல் அமைச்சர் கேஸ்கர் அவர்கள் காலத்தில் திரைப்பாடல்களும் ஒதுக்கப்பட்டன. மக்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். முடிவில் 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கப்பட வேண்டியதாயிற்று. மக்களின் விருப்பத்தை மேலிருந்து திருத்த முயன்ற வானொலி, மக்களிடமே பாடம் கற்றுக்கொண்டது.

பறையின் கதை இதனினும் நீண்டது. சாவு வீட்டிற்கு மட்டும் உரியது என்று இழித்துரைக்கப்பட்ட அக்கருவி இன்று கல்லூரி விழாக்களிலும் உலக மேடைகளிலும் முழங்குகிறது. மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025 இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நாட்டுப்புற இசை என்னும் பெயரால் வாரத்தில் ஒரு சிறு நேரம் ஒதுக்கியது போதாது. ஒரு நாள் விடியலேனும் பறையின் முழக்கத்துடன் வானொலி தொடங்குமாயின், பண்பாடு என்னும் சொல்லின் பொருள் அன்று சற்றே விரியும்.

சொல்லும் முறைக்கு முன்மாதிரி ஒருவரையும் இங்குக் குறிப்பிடுதல் கடமை. 2009 இல் மறைந்த தென்கச்சி கோ. சுவாமிநாதன் அவர்கள் ‘இன்று ஒரு தகவல்’ என்னும் காலை நிகழ்ச்சியில் பேசிய பேச்சு அத்தகையது. பெரிய கருத்தைச் சிறிய கதையில் வைத்து, சிரிக்க வைத்து, சிரிப்பு அடங்குமுன் சிந்திக்க வைத்தவர் அவர். எழுத்தறியாத நம் பாட்டிமாரும் அவர் பேச்சைக் கேட்டு மறுநாள் வயலில் திருப்பிச் சொன்னார்கள். கேட்டதைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்வதே கல்வியின் உரைகல் என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

பெரியோர்களே! இதுவரை நாம் கேட்போராக இருந்ததைப் பற்றிப் பேசினோம். கேட்டல் பாதி, மறுபாதி வினவுதலும் பேசுதலும் ஆகும். இதனை அரசும் ஒரு காலத்தில் உணர்ந்திருந்தது. 1956 இல் புனே வட்டாரத்தில் யுனெஸ்கோ உதவியுடன் 150 சிற்றூர்களில் வானொலிக் கேட்போர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஊரார் கூடிக் கேட்பர், கேட்டதை விவாதிப்பர், தம் கேள்விகளை நிலையத்திற்கு எழுதுவர், முடிவு செய்ததைச் செயற்படுத்துவர். மன்றம் அமைந்த ஊர்களில் மக்களின் அறிவு தெளிவாக உயர்ந்தது என்பது ஆய்வில் வெளிப்பட்டது. 1959 இல் அத்திட்டம் நாடெங்கும் விரிக்கப்பட்டது. பின்னாளில் தேய்ந்து மறைந்தது.

1995 பிப்ரவரி 9 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று, வான் அலைகள் பொதுச்சொத்து என்று அறிவித்தது. மகத் குளத்து நீரைப் போலவே இவ்வலையும் பொதுவானது என்று நாட்டின் உயர்ந்த மன்றமே கூறிவிட்டது. 2006 இல் தன்னார்வ அமைப்புகளும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று அரசு விதி வகுத்தது. அதன்வழி 2008 அக்டோபர் 15 அன்று, இன்று தெலங்கானாவிலுள்ள ஜாகிராபாத்து அருகே மாச்சனூர் சிற்றூரில் ‘சங்கம் வானொலி’ தொடங்கியது. தக்காண வளர்ச்சிக் கழகத்தின் துணையுடன் அதனை நடத்துவோர் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த வேளாண் கூலிப் பெண்கள். சிறுதானியம் பற்றியும் விதை பற்றியும் தம் பாட்டு, தம் மருத்துவம், தம் உழைப்பு பற்றியும் அவர்கள் தம் மொழியில் பேசுகின்றனர். கேட்டவர்களே பேசுபவர்களாகிய காட்சி அது. அவர்களால் இயலுமாயின் ஏலமலைச் சரிவின் தாய்மார்களால் ஏன் இயலாது?

இன்றைய நிலையையும் மறைப்பதற்கில்லை. பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 76 ஆண்டுகளுக்குப் பின் 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. வீடுகளில் வானொலிப் பெட்டி அருகிவிட்டது. கைப்பேசி எல்லார் கையிலும் உள்ளது. செய்தி குறைந்துவிடவில்லை, பெருகியுள்ளது. பெருகியதில் மெய் எது, பொய் எது என்று பிரிப்பதே அரிதாகிவிட்டது. 2011 இல் ஒரு மணிக்கு ஒரு வதந்தி பிறந்தது. இன்று நிமிடத்திற்கு ஒன்று பிறந்து, சாதிப் பெயருடன் இளைஞர் கையில் விழுகிறது. அதனால் மூண்ட பூசல்களையும், வழக்கில் சிக்கிப் படிப்பிழந்த பிள்ளைகளையும் தலைமையாசிரியர் என்னும் முறையில் நாம் நாள்தோறும் காண்கிறோம். பெயர் போட்டுப் பொறுப்பேற்று, அளந்து பேசும் செய்தியின் அருமை இப்போதுதான் விளங்குகிறது.

ஆகவே, நம் கழகத்தின் அடுத்த 25 ஆண்டுகளுக்கு நான்கு வேண்டுகோள்களை முன்வைக்க விழைகிறோம்.

முதலாவது, நம் மாலைநேரப் பாட மையம் ஒவ்வொன்றிலும் மாணவர் இருவர் முறைவைத்துக் காலைச் செய்தியைக் கேட்டு, ஐந்து செய்திகளைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். நான்கு கேட்ட செய்திகள். ஐந்தாவது, சொல்லப்படாமல் விடுபட்டது என்று அவர்கள் கருதும் நம் ஊர்ச் செய்தி.

இரண்டாவது, விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாகத் தோட்டம் செல்லும் தாய்மார்க்குக் காலை வானொலி கேட்கும் பேறு இல்லை. அவர்கள் திரும்பும் மாலையில் பிள்ளைகள் அக்குறிப்பேட்டை வாசித்துக் காட்ட வேண்டும். தாய் கேட்கும் கேள்வியையும் அதே ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அக்கேள்விகளைத் திரட்டித் திங்கள்தோறும் வானொலி நிலையங்களுக்கு அஞ்சலட்டையில் அனுப்ப வேண்டும். கடிதம் எழுதாத நேயரை நிலையம் அறியாது. அறியாதவர்க்காக நிகழ்ச்சி அமையாது.

நான்காவது, சமுதாய வானொலி உரிமம் பெறும் வழிமுறைகளை ஆராயச் சிறு குழு ஒன்றைக் கழகம் அமைக்க வேண்டும். சமுதாய வானொலி தானே செய்தி தயாரித்து ஒலிபரப்ப இன்றைய விதி இடந்தராது. அரசு வானொலியின் செய்தியை மாற்றமின்றி அஞ்சல் செய்யலாம். எனினும் அறிவியலும் பண்பாடும் உடல்நலமும் கல்வியும் பேசத் தடையில்லை. அதன் வீச்சு சில கிலோமீட்டரே. நம் சரிவிற்கு அது போதும்.

இவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை. முதல் மூன்றிற்குத் தேவை ஒரு வானொலிப் பெட்டி, ஒரு குறிப்பேடு, சில அஞ்சலட்டைகள், தவறாத ஒழுங்கு ஆகியவையே. நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளில் பட்டதாரிகளையும் ஆசிரியர்களையும் செவிலியர்களையும் அரசு ஊழியர்களையும் உருவாக்கியுள்ளது. இனி உருவாக்க வேண்டியவர்கள் கேட்டதை எடைபோடுபவர்கள், கேள்வி கேட்பவர்கள், தம் மக்களுக்காகத் தெளிவான தமிழில் பேசுபவர்கள். பலரின் நலம் என்னும் குறிக்கோளை வானொலி எழுதி வைத்துள்ளது. அப்பலருள் நாமும் அடங்குவோம் என்பதை நம் குரலால் நினைவூட்டுவது நம் கடன்.